தலை திரும்பிய பக்கம்

ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் முடி முழுசாக நரைக்கவில்லை. ஆனாலும் வேலை என்னை விட்டுப் போய்விட்டது. உருவங்களை அசைய வைக்கும் பிரிவை எங்கள் ஸ்டுடியோவில் மூடிவிட்டார்கள். மூத்தவர்களுக்குச் சால்வை, மதியச் சாப்பாடு, கைகுலுக்கல். சாப்பாடு முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் புதிதாக வாங்கிய மென்பொருளைக் காட்டினார்கள். திரையில் ஓர் ஆள் நிற்கிறான். நடக்கச் சொன்னால் நடக்கிறான். இன்னொரு பொத்தானைத் தட்டினால், நடப்பதற்கு முன் தலையைச் சற்றே திருப்பி, மூச்சை இழுத்து, பிறகு நடக்கிறான். தட்டியதும் அவனுக்கு உயிர் வந்துவிடுகிறது.

"அண்ணே, இதெல்லாம் உங்க காலத்துல கையாலயே பண்ணுவீங்களாமே. எப்படிண்ணே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எழுதித் தருகிறேனம்மா என்றேன். எழுத உட்கார்ந்தால் இருபது வருடத்து ஸ்டுடியோ எதுவும் நினைவில் ஏறவில்லை. செய்த படங்கள், பறந்த கார்கள், பேசிய பற்பசை, எல்லாம் எங்கேயோ கரைந்து கிடக்கின்றன. நிற்பது ஒரே ஒரு தலை. அது திரும்பியது. அதை மட்டும்தான் எழுத முடிகிறது.

தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில், படப்பையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அதுதான் கல்லூரி. இரண்டு வருடப் படிப்பு, டிஜிட்டல் மீடியா ஆர்ட்ஸ் என்று பலகையில் சாய்ந்த எழுத்தில் எழுதியிருக்கும். கீழே கல் அறுத்தால் மேலே எங்களுக்குப் பல் கூசும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும், ஏ.சி. எங்களுக்காக அல்ல, இயந்திரங்களுக்காக. மாணவர்களில் பாதி, கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த வீடுகளின் பிள்ளைகள். மீதி, கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்.

நானும் சுடலைமுத்துவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அவனிடம் ஐ.டி.ஐ. படிப்பு இருந்தது. என்னிடம் படம் வரையும் கை மட்டும் இருந்தது. ஒரகடம் பக்கம் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனை டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது அங்கே இன்றைக்கு இருப்பதுபோல இத்தனை கம்பெனிகள் இல்லை. இடையிடையே ஏரியும் முள்காடும் தெரியும். நான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டு கல்லூரியில் சேர்ந்தேன். இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே ஜன்னல். அவன் கம்பெனி பஸ் ஏறும்போது நான் எழுந்திருப்பேன்.

படித்த இரண்டு வருடத்தில் முக்கால்வாசி காத்திருந்ததுதான். கம்ப்யூட்டர்கள் குறைவு. ஒருவர் உட்கார்ந்தால் இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்போம். உருவத்தை முதலில் கம்பி வலைபோலக் கட்ட வேண்டும். பிறகு தோல் போர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டையும் பிடித்து, இங்கே தொடங்கு, இங்கே முடி என்று குறித்துவைக்க வேண்டும். இடையில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டர் நிரப்பும். எல்லாம் முடிந்து, ஒவ்வொரு படமாக அது கணக்குப் போட்டு வரைந்து முடிக்கும்வரை அந்த இயந்திரத்தை யாரும் தொடக் கூடாது. 'ரெண்டர் ஓடுது, தொடாதே' என்று காகிதம் ஒட்டிவைப்போம். கரண்ட் போனால் முதலிலிருந்து.

எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் தயாளன் சார். சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் காகிதத்தில் கையால் வரைந்து பொம்மைப் படம் செய்துகொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் வந்து அவரை அங்கிருந்து கிளப்பிவிட்டது. அதே கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுக்க இங்கே வந்தார். மௌஸைத் தொட மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, அம்புக்குறிப் பொத்தானை மட்டும் ஒவ்வொரு தட்டாகத் தட்டி, படம் படமாக நகர்த்திப் பார்ப்பார். அவர் விடும் மூச்சு நம் காதில் சுடும். பிடிக்காத இடத்தில் தட்டுவது நின்றுவிடும். "செத்துப்போயிக்கீது" என்பார். வேறு திட்டு அவரிடம் கிடையாது. அது போதும்.

அவருடைய பாடம் ஒன்றே ஒன்று. எந்த உடம்பும் சும்மா கிளம்பாது. முதலில் கண், அப்புறம் தலை, அப்புறம் தோள், கடைசியில்தான் கை. அசைவுக்கு முன்னால் ஓர் அசைவு வேண்டும்; அது இல்லாவிட்டால் பார்ப்பது மனிதன் இல்லை, கதவு. இதைச் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக எழுந்து காட்டுவார். அந்தக் கனத்த உடம்பு எழுவதற்கு முன் கண் ஜன்னலுக்குப் போகும். தலை கண்ணைப் பின்தொடரும். யாரோ ஜன்னலில் நிற்பதாக நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பாடத்தை எங்களில் முழுசாக வாங்கிக்கொண்டவள் கலைவாணி. குன்றத்தூர்ப் பெண். அவள் அப்பா சொந்த நிலம் இருந்த இடத்தில் எழும்பிய கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். அவள் கையில் பந்து உருண்டாலும் அது எங்கேயோ போக நினைப்பதுபோல இருக்கும்.

இரண்டாம் வருடம் நடுவில் சுடலையின் கை போயிற்று.

அவன் வேலை செய்த பிரஸ் மெஷினில் இரும்புத் தகட்டை அச்சின் நடுவில் வைக்க வேண்டும். காலால் மிதித்தால் மேலிருந்து எடை இறங்கி அடிக்கும். அடித்துவிட்டு மேலே போகும். கையை விட்டு அடித்த தகட்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். அன்றைக்கு அது அடித்தது, மேலே போனது, இவன் கையை விட்டான், மிதிக்காமலே மறுபடி இறங்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவன் சொன்னது இதைத்தான். "ஒருதரம் மிதிச்சா ஒருதரந்தாம்லே இறங்கணும். அது ரெண்டுதரம் இறங்கிட்டு."

வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. கம்பெனியில் விசாரணை வைப்பார்களாம். மெஷின் கோளாறு என்றானால் அவனை ஸ்டோரில் போட்டு, நிரந்தரமாக்கி வைத்துக்கொள்வார்களாம். அவன் கவனக்குறைவு என்றானால் டிரெய்னி காலத்தோடு அனுப்பிவிடுவார்கள். "ஸ்டோர்ல இடது கையால எழுதிக்கிடலாம்லே. பழகிட்டேன்னு வையி" என்று சொல்லி, அந்த வாரமே ஒரு பேனாவை இடது கையில் பிடித்து அறைச் சுவரில் அவன் பேரை எழுதினான். 'சு' மட்டும் தெரிந்தது.

அவன் அறைக்குத் திரும்பி, நான் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கம்பெனியிலிருந்தே கல்லூரிக்கு ஒரு வேலை வந்தது. பக்கத்துத் தொழிற்சாலைகள் இப்படி எதையாவது கொண்டுவரும். எங்களுக்கு அது பயிற்சி, கல்லூரிக்கு வரும்படி. ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர் வந்தார். சட்டைப் பையில் கம்பெனி அட்டை, பேச்சில் நல்ல பணிவு.

"ரெண்டு நிமிஷப் படம் சார். புதுசா சேர்ற பசங்களுக்குப் போட்டுக் காட்டணும், பாதுகாப்புக்கு. எங்க பிரஸ் ஷாப்ல இப்ப ஒரு ஆக்சிடென்ட் ஆச்சு, அதையே வெச்சிக்கலாம். கார்ட்டூன் மாதிரி வேணாம். நெஜம் மாதிரி இருக்கணும்."

"மெஷின் எப்படி இறங்குச்சுன்னு..." என்று தயாளன் சார் இழுத்தார்.

"காரணம்லாம் வேணாம் சார். கை உள்ள இருக்கு, மெஷின் இறங்குது. அவ்ளோதான். பாக்கறவன் பயப்படணும்."

அவர் போனதும் சொன்னேன். "சார், அது என் ரூம்ல இருக்கிற பையன்."

சார் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நல்லதாப் போச்சு. நின்னு காட்ட ஆள் கீது" என்றார். அவர் மனசில் ஈரம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். வேலை என்று வந்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

சுடலைக்குச் சந்தோஷம். "எங்கதையவா எடுக்கீய? யாருலே என் வேசம் போடுதது? நல்ல கலரா இருக்கானா?" என்று சிரித்தான். கைக் கட்டோடு சட்டை போட முடியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு மாடி ஏறி வந்தான். செருப்பை ஒழுங்காக வரிசையில் விட்டான். மேஜையை மெஷின் என்று வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றான். கலைவாணி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணா, கால இப்டித்தான் வெச்சினு இருந்தீங்களா?"

"இடது கால் முன்னால. வலது கால் மிதியில."

"அந்த நேரத்துல எங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

"தகட்டத்தான். வேற எத பாக்க? கை அங்கல்லா இருக்கு."

மெஷினை நான் கட்டினேன். எண்ணெய்க் கறை, மஞ்சள் கோடு, பெயர்ந்த பெயிண்ட் எல்லாம் சுடலை சொல்லச் சொல்ல வைத்தேன். ஆளை அசைத்தது கலைவாணி. முதலில் அவள் செய்தது அவன் சொன்னபடியே இருந்தது. குனிந்த தலை, தகட்டின் மேல் கண், கை உள்ளே போகிறது, எடை இறங்குகிறது. தயாளன் சார் பின்னால் நின்று ஒவ்வொரு தட்டாகத் தட்டினார். நின்றது.

"செத்துப்போயிக்கீது."

"அவரு அப்டித்தான் சார் நின்னாரு" என்றாள் கலைவாணி.

"நின்னான், நான் இல்லன்னு சொல்லல. மூஞ்சே தெரியலியேம்மா. எவன் கை போனா எனக்கு இன்னா? பாக்கறவன் அந்தப் பையன ஒரு தபா பாத்துக்கணும். அப்புறந்தான் கை போகணும். அப்பதான் அடிவயிறு கலங்கும். தலைய இப்டிக் கொஞ்சம் தூக்கி, இந்தப் பக்கம் திருப்பு. ஒரு நொடி. போதும்."

திருப்பினாள்.

என்னத்தைச் சொல்ல. மெஷின் முன்னால் நின்றிருந்த பொம்மை அந்த ஒரு நொடியில் சுடலையாகிவிட்டது. வேலைக்கு நடுவே, அலுப்பில், ஊர் ஞாபகத்தில், பசியில், எதிலோ ஒன்றில் அந்தத் தலை நிமிர்ந்து எங்களைக் கடந்து எங்கேயோ பார்த்தது. பிறகு கை போனது. கீழே டைல்ஸ் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தயாளன் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டர் போட்டுடு" என்றார். முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டியபோது சுடலை கண் கலங்கினான். "என்னைய மாதிரியே இருக்காம்லே" என்றான். தலை திரும்பியது பொய் என்று அவனுக்கே தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. அவன்மேல் இரக்கம் வர வேண்டும் என்று செய்தது அது. நாங்கள் அந்தப் படிப்பில் கற்றது எல்லாம் அந்த ஒரு நொடிக்குள் இருந்தது.

விசாரணை அன்று அவன் என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். பொத்தான்களை நான் மாட்டிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஏலே வேலு. அங்க டி.வி. வச்சி உங்க படத்தப் போட்டுக் காட்டுதாவ."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் வெளங்கட்டும்னு. ரெண்டுதரம் இறங்குச்சுன்னு நான் சொல்லுதேன். மெஷின சோதிச்சாச்சு, கோளாறே இல்லைங்காவ. அப்புறம் படத்த அந்த எடத்துல நிறுத்திட்டு, தம்பி, எதுக்குத் திரும்புனீங்கன்னு கேக்காரு அந்த ஹெச்.ஆர். சாரு."

அவன் குடிக்காத தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் திரும்பலன்னேன். நீங்கதான போயி நின்னு காட்டுனீங்க, பாத்துட்டு என்னைய மாதிரியே இருக்குன்னு சொன்னீங்களாமே, காலேஜ்ல சொன்னாங்களேங்காரு. ஆமா, சொன்னேன். சொல்லலன்னு எப்படிச் சொல்ல?" கட்டிலின் விளிம்பை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தான். "நான் திரும்பினேனாலே?"

"இல்லடா. அது நாங்க வச்சது."

"எதுக்குலே வச்சீய?"

மறுநாள் தயாளன் சாரிடம் சொன்னேன். பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, கலைவாணியையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஒரகடம் கிளம்பினார். கம்பெனி வரவேற்பறையில் ரொம்ப நேரம் உட்காரவைத்தார்கள். அந்த ஹெச்.ஆர். அதிகாரி வந்து டீ சொன்னார்.

"சார், அந்தத் தலை திரும்பறது நாங்க சேத்தது" என்றார் தயாளன் சார். "பொம்மைக்கு உயிர் வர்றதுக்கு எல்லாப் படத்துலயும் பண்றதுதான். அந்தப் பையன் திரும்பல."

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார். எம்.டி.யே பாத்துட்டு ஆடிப்போயிட்டாரு."

"அதில்ல சார். நான் மாத்தித் தர்றேன். தல குனிஞ்சாப்பல. அதுதான் நெஜம்."

அதிகாரி கோபமே படவில்லை. "மாத்தித் தருவீங்க சார். அப்ப ரெண்டு படம் இருக்கும். எது நெஜம்னு கேட்டா நான் என்ன சொல்றது? நீங்க யாரும் அங்க நிக்கலியே."

தயாளன் சாரின் கண் ஜன்னலுக்குப் போனது. தலை அதைப் பின்தொடர்ந்தது. ஆனால் உடம்பு எழவில்லை. டீ ஆறிப்போயிற்று. கலைவாணி மட்டும் சொன்னாள்: "அந்த அண்ணா நின்னாரு சார். அவரு சொல்றாரு இல்ல."

"அவரு சொல்றதத்தாம்மா நீங்க படமா எடுத்தீங்க" என்றார் அதிகாரி.

சுடலைக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவன் மூட்டையை நான் கட்டினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வலது கையை மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, இடது கையைக் கொஞ்சம் தூக்கினான். அவ்வளவுதான் எங்கள் பிரிவு.

கல்லூரியில் மிச்ச மாதங்களில் தயாளன் சார் அதே பாடத்தைத்தான் நடத்தினார். கண், தலை, தோள், கை. வேறு பாடம் அவருக்குத் தெரியாது. எழுந்து காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கலைவாணி தேர்வு எழுதி முதலாவதாக வந்து, சென்னையில் வேலைக்குப் போய், கட்டடங்களையும் வண்டிகளையும் மட்டும் செய்தாள். ஆள் வேண்டாம் என்பாள். நான் எல்லாம் செய்தேன். சோறு வேண்டுமே. ஆயிரம் தலைகளைத் திருப்பியிருப்பேன்.

அந்தப் படம் பல வருடம் ஓடியது. ஒருமுறை ஷேர் ஆட்டோவில் அந்தக் கம்பெனிச் சீருடையோடு ஏறிய இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் எதற்கோ திரும்பினான். "டேய், தலைய திருப்பாத, கை போயிரும்" என்றான் மற்றவன். இருவரும் சிரித்தார்கள். லைனில் அது ஒரு சொலவடை ஆகிவிட்டதாம். சூப்பர்வைசர்களும் அதையே சொல்வார்களாம். அந்தத் தலை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியிருக்காது.

போன வருடம் ஊரில் ஒரு சாவுக்குப் போனபோது சுடலையைப் பார்த்தேன். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். உடம்பு பருத்துவிட்டது. இடது கையால் சில்லறையை எடுத்துப் போடும் வேகத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே இடதுகைக்காரன் என்று தோன்றும். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தான். என் பிள்ளைகளை விசாரித்தான். பழைய கம்பெனி பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவன் மகள் வந்தாள். கூட வந்த சிநேகிதியிடம் அப்பாவின் கையைக் காட்டி, "கதையச் சொல்லுங்கப்பா" என்றாள். பலமுறை சொல்லிக் கேட்ட கதை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

சுடலை சொன்னான். பிரஸ் மெஷின், தகடு, மிதி எல்லாம் சரியாகச் சொன்னான். பிறகு சொன்னான்: "அப்பதான் பின்னால இருந்து ஒரு பய கூப்பிட்டான். பரமசிவம்னு பேரு. வாலே, டீ குடிப்போம்னான். அப்பா திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள இறங்கிட்டு."

அவனோடு வேலை செய்த ஒவ்வொருவனையும் எனக்குத் தெரியும். ஒரே அறையில் அவன் பேச்சைக் கேட்டே வாழ்ந்தவன் நான். பரமசிவம் என்று ஒருவன் அங்கே கிடையாது. படத்தில் அந்தத் தலை திரும்பிய பக்கத்தில் நாங்கள் எதையும் கட்டவில்லை. கேமரா காட்டாத இடம் என்பதால் சுவரில்லை, தூணில்லை, வெளிச்சமில்லை, வெறும் சாம்பல். அதை அப்படியே விட்டுவைக்க அவனுக்கு முடியவில்லை. ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, பேர் வைத்து, டீக்குக் கூப்பிடவும் வைத்திருந்தான்.

ரெண்டுதரம் இறங்கிச்சே சுடலை, என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. மகள் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"அந்தாளு மேல கோவமா, மாமா?" என்று கேட்டாள் அந்தச் சிநேகிதிப் பெண், அவளுக்குக் கதை புதிது.

"அவன் என்ன செய்வான், பாவம்" என்றான் சுடலை. "அவன் கூப்பிடத்தான் செஞ்சான். நாந்தான திரும்பிட்டேன்."